ஸ்கீவவில் கிடைத்த மறுபாதி: ஒரு கரபாக் கம்பளத்தின் பின்னால் போன நாள்

எங்கள் வீட்டு நடையில் ஆறு வருடமாக அரைக் கம்பளம் ஒன்று கிடந்தது. அதன் மற்றப் பாதியைத் தேடித்தான் போன மே மாதம், நாங்கள் இருக்கும் டெனிஷ் துறைமுக நகரமான எஸ்பியர்க்கிலிருந்து வடக்கே ஸ்கீவ என்ற ஊருக்குப் போனோம். பழைய கம்பளம் தேடி ஊர் ஊராகத் திரியும் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இந்த வலைப்பதிவைத் தொடங்கிய பிறகுதான் என்னைப் போல் இன்னும் சிலர் இருப்பது தெரிந்தது. இது அவர்களுக்கானது. மற்றவர்கள் வழியில் வரும் நண்டுக் குழம்புக்காகப் படிக்கலாம்.

அரைக் கம்பளம் என்றால் உண்மையாகவே அரை. துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் வழியில் உள்ள பழைய சாமான் கடையில் வாங்கினேன். நாய் மயிர் அப்பிக்கிடந்த அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முனையில் குஞ்சம் ஒழுங்காக இருந்தது. மறுமுனையைக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு பெரிய நட்சத்திரங்களும் மூன்றாவதில் பாதியும். வெட்டின இடத்தருகே கோழி மாதிரி ஒரு சின்னப் பறவை, ஆனால் அதற்குத் தலை இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டுக் களைத்து வரும் என் மனைவி வசந்தி, கதவைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பாள். "தலையில்லாத கோழியை வாசலிலை போட்டு வைச்சிருக்கிற வீடு எங்கடை வீடாத்தான் இருக்கும்" என்பாள்.

கொக்கேசியக் கம்பளங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கோழியால் வந்ததுதான். கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் நடுவில் உள்ள அந்த மலைநாட்டில், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நெசவு மாறும். மேற்குப் பக்கத்துக் கசாக் கம்பளங்கள் தடிப்பானவை. குளிர்ப் பிரதேசம் என்பதால் மயிரை நீளமாக விட்டு, பெரிய பெரிய உருவங்களாக நெய்வார்கள். கஸ்பியன் கரையோரத்து ஷிர்வான், குபா பக்கம் போனால் மயிர் கட்டை, முடிச்சுகள் நெருக்கம், உருவங்கள் பொடிப்பொடியாக இருக்கும். தெற்கே கரபாக்கில் பாரசீகத்துப் பூக்களும் கலந்துவரும். சிவப்பில் லேசாக ஊதா ஓடும், அது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். என்னுடையது கரபாக். நடையில் விரிக்கும் நீளக் கம்பளம், முழுதாக இருந்தால் ஐந்து மீற்றர் வரும்.

ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் புரட்டிப் பாருங்கள். கூறைச் சேலை எடுக்கும்போது நம் பெண்கள் கரையைத் திருப்பி உட்புறம் பார்ப்பார்களே, அதே வேலைதான். கையால் முடிச்சுப் போட்டது என்றால் முன்பக்கத்து உருவம் பின்பக்கத்திலும் அப்படியே தெரியும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் கம்பளியா, பருத்தியா என்று பாருங்கள். கரபாக்கிலும் கசாக்கிலும் பெரும்பாலும் எல்லாமே கம்பளிதான். ஒரே சிவப்பு நடுவில் சட்டென்று மங்கினால் பயப்பட வேண்டாம். நெய்தவளுக்கு நூல் தீர்ந்து அடுத்த முறை சாயம் போட்டபோது நிறம் கொஞ்சம் தப்பியிருக்கும், அவ்வளவுதான்.

ஏப்ரல் கடைசியில், பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஸ்கீவவிலிருந்து ஒரு படம் வந்தது. அரைக் கம்பளம். வெட்டின ஓரத்தில் ஒரு கோழித் தலை.

நான் போட்ட சத்தத்துக்கு வசந்தி கரண்டியோடு ஓடிவந்தாள். விற்பவர் கிர்ஸ்டன் என்ற எழுபது தாண்டிய அம்மா. வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அடுக்குமாடிக்குப் போகிறாராம். தொலைபேசியில் சொன்னார்: சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாருங்கள். தலையணை உறை தைக்கிற ஒரு பெண்ணும் கேட்கிறார், ஆனால் நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். தலையணை உறை என்றதும் கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். பழைய கம்பளங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி உறை தைப்பது இங்கே நல்ல வியாபாரம். அது அந்தப் பெண்ணின் கைக்குப் போனால் கோழித் தலை யாரோ ஒருவரின் சோபாவில்தான் இருக்கும்.

காலை பத்தரைக்குப் புறப்பட்டோம். வார்டே, ஸ்கியர்ன், ஹொல்ஸ்டப்ரோ வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியால ஓட்டம். போய்வரப் பெற்றோல் இருநூற்றைம்பது குரோனருக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. பாதையின் இரண்டு பக்கமும் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. எங்கள் பாதியையும் சுருட்டி டிக்கியில் போட்டிருந்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. பன்னிரண்டரைக்கே ஸ்கீவவுக்குள் நுழைந்துவிட்டோம். அங்கேதான் பிழை நடந்தது.

ஸ்கீவவில் இராசன் அண்ணை இருக்கிறார். நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய காலத்தில் ஒரே முகாமில் பக்கத்து அறை.

"இஞ்சருங்கோ, இராசன் அண்ணையாக்களின்ரை வாசலாலை போய்க்கொண்டு இறங்காமல் போனால் பிறகு என்னெண்டு அவையின்ரை முகத்திலை முழிக்கிறது?" என்றாள் வசந்தி. "ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஓடிடுவம்."

தேத்தண்ணியோடு எழும்ப விடுகிற வீடா அது? அவருடைய மனைவி மலர் அக்கா குசினியிலிருந்தே குரல் கொடுத்தார். "இருங்கோ, நண்டு இப்பதான் இறக்கினனான்!"

நண்டை அவசரமாகச் சாப்பிட முடியாது. ஓட்டை உடைக்க வேண்டும், காலை உறிஞ்ச வேண்டும், நடுவில் பழைய கதைகள் எல்லாம் வரும். ஒன்றே முக்காலுக்கு நான் நெளியத் தொடங்கினேன்.

"அண்ணை, ரெண்டு மணிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ரெண்டெண்டால் மூண்டு மணிக்குப் போனால் என்னடாப்பா? கம்பளம் என்ன எழும்பி ஓடப்போகுதே?" இராசன் அண்ணை என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு நண்டைப் போட்டார். "சாப்பிடாமல் எழும்பினாயெண்டால் இனி இந்தப் பக்கம் வராதை."

முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறேன். வேலைக்கு ஒரு நிமிடம் பிந்தினதில்லை. ஆனால் இராசன் அண்ணை வீட்டு மேசையில் இருந்தால் என் கைக்கடிகாரம் யாழ்ப்பாண நேரம்தான் காட்டும். குழம்புக் கையோடு தொலைபேசி எடுக்கவும் தோன்றவில்லை. கிர்ஸ்டன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மூன்றேகால்.

வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே சுருட்டிக் கட்டிய கம்பளம். அதன் ஓரத்துச் சிவப்பைப் பார்த்ததுமே அதுதான் என்று தெரிந்துவிட்டது.

கதவடியில் கிர்ஸ்டனும், முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்ணும் நின்றார்கள். அவர்தான் தலையணை உறை தைக்கும் சோஃபி, அரை மணி ஓட்டத்திலுள்ள வீபொர்க்கிலிருந்து வந்திருந்தார். இனி எல்லாம் டெனிஷில் நடந்தது, தமிழில் சொல்கிறேன். "இரண்டரை வரைக்கும் உங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் கிர்ஸ்டன். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பிறகு இவரைக் கூப்பிட்டேன். காசும் தந்துவிட்டார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கூடுதலாகத் தருகிறேன் என்று சோஃபியிடம் சொன்னேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். "இந்தத் துண்டுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார். ஐந்து உறை. நான் முழுக் கம்பளத்தை ஒருநாளும் வெட்டுவதில்லை, இப்படி உடைந்த துண்டுகளைத்தான் வாங்குகிறேன்."

நியாயமான பேச்சு. வசந்திதான் என் தோளுக்குப் பின்னாலிருந்து, முதியோர் இல்லத்தில் பழகிய அழுத்தமான டெனிஷில் சொன்னாள்: "இது உடைந்த துண்டு இல்லை. மற்றத் துண்டு எங்கள் காருக்குள் இருக்கிறது."

கிர்ஸ்டன் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். "எந்த மற்றத் துண்டு?"

டிக்கியிலிருந்து எடுத்து முற்றத்தில் ஒரு முழம் விரித்துக் காட்டினேன். அவர் உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். "இது யென்ஸின் பாதி" என்றார்.

யென்ஸ் அவருடைய தம்பி, எஸ்பியர்க்கில் இருந்தவர். அப்பா செத்ததும் வீட்டுப் பொருட்களைப் பிரித்தபோது இருவருக்கும் இந்தக் கம்பளம்தான் வேண்டுமாம். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அளவுகோல் வைத்து, கராஜ் தரையில் போட்டு நடுவால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஏழு வருடத்துக்கு முன் யென்ஸ் இறந்தபோது கிர்ஸ்டன் தேவாலயத்துக்குப் போனாராம், தம்பியின் வீட்டுக்குப் போகவில்லை. யென்ஸின் பிள்ளைகள் கம்பளத்தைக் கடைக்குக் கொடுத்தது அவருக்குத் தெரியாது. இதையெல்லாம் அவர் முற்றத்தில் நின்றபடி, வேறு யாரோ ஒருவரின் கதையைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு சோஃபியின் பக்கம் திரும்பினார். "அதை ஒருமுறை உள்ளே கொண்டுவருவாயா? வெட்டுவதற்கு முன் ஒருமுறை பார்க்கவேண்டும்."

வரவேற்பறை ஏற்கெனவே காலி. நானும் சோஃபியும் இரண்டு பாதியையும் எதிரெதிராக விரித்து மெதுவாக நெருக்கினோம். நடு நட்சத்திரம் மூடியது. கோழிக்குத் தலை வந்தது. "கடவுளே, இது வடிவான கோழியப்பா!" என்றாள் வசந்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

இரண்டும் ஒரே நிறமில்லை. கிர்ஸ்டனின் பாதி யன்னலடியில் கிடந்து வெளுத்திருந்தது. யென்ஸின் பாதி இருட்டு நடையில் கிடந்திருக்க வேண்டும், ஊதாச் சிவப்பு அப்படியே இருந்தது. சோஃபி முழங்காலிட்டு வெட்டின ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். நல்ல கூர்க்கத்தி, முடிச்சு வரிசை இரண்டுக்கு மேல் அழியவில்லை என்றார். பறவைக்குக் கிட்ட மட்டும் வெட்டு வளைந்திருந்தது.

"அந்த இடத்தில்தான் கத்தி யென்ஸிடமிருந்து என் கைக்கு வந்தது" என்றார் கிர்ஸ்டன். "அவனால் முடியவில்லை. நான் வெட்டி முடித்தேன்."

சோஃபி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "உறைக்கு வேறு துண்டு பார்க்கிறேன், இதைக் கொடுத்த விலைக்கே தருகிறேன். ஆனால் தைப்பது நான்தான். உங்களிடம் விட்டால் ஒட்டி வைப்பீர்கள்." என் பாதியின் ஓரத்தில் நான் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பட்டையை அவர் கண்டுவிட்டார். வானுக்குப் போய் வளைந்த ஊசியும் கம்பளி நூலும் எடுத்துவந்தார். வீபொர்க்குக்குக் கொண்டுபோகும்போது விலகாமலிருக்க இப்போதைக்கு ஒரு பெருந்தையல், ஒழுங்கான வேலை பட்டறையில்.

அவர் தைத்து முடிப்பதற்குள், இப்படிப் புறப்பட நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் யூட்லாந்துப் பக்கத்தில் நல்ல பழைய கம்பளங்கள் பெரும்பாலும் கடைகளில் இல்லை, வீடு மாறுகிறவர்களிடமும் இறந்தவர்களின் வீட்டுச் சாமான் விற்பனையிலும்தான் கிடைக்கும். வசந்த காலம் நல்ல காலம், வெளிச்சம் இருக்கும். சாயம் பகல் வெளிச்சத்தில்தான் உண்மையைச் சொல்லும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் யோசிக்க வேண்டும். அந்துப்பூச்சி இருக்கிறதா என்று அடிப்பக்கம் தட்டிப் பாருங்கள். வெட்டியது, தேய்ந்தது என்று ஒதுக்காதீர்கள், தைப்பவர்கள் இருக்கிறார்கள். டெனிஷ்காரர் நேரம் சொன்னால் அதுதான் நேரம். திரும்பி வரும் வழியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள், அப்போதும் சோறு இருக்கும். கடைசியாக, பழைய வீட்டுக்குப் போனால் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அது எங்கே கிடந்தது, அதன் மேல் யார் நடந்தார்கள் என்றும் கேளுங்கள். எந்தப் பள்ளத்தாக்கில் நெய்தது என்று புத்தகம் சொல்லும், மிச்சத்தை அந்த வீட்டுக்காரர்தான் சொல்லமுடியும்.

சோஃபி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கிர்ஸ்டன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சின்ன வயதில் தரை முழுக்கத் தண்ணீர், நட்சத்திரங்கள் தீவுகள்" என்றார். "கால் வெளியே பட்டால் மூழ்கிவிடுவோம்." காலுறையோடு தன்னுடைய பாதியில் ஏறி, ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததுக்குக் கால் எட்டிவைத்து நடந்தார். இப்போது எட்டிவைக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வசந்தி கையை நீட்டினாள், அவர் பிடிக்கவில்லை. நடு நட்சத்திரத்தில், தையலின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றார். பிறகு தம்பியின் பாதிக்குள் போனார். கடைசி நட்சத்திரத்தில் திரும்பி அந்த ஐந்து மீற்றரையும் பார்த்தார்.

"யென்ஸ் எப்போதும் இதில் முதலில் வந்து நின்றுகொண்டு என்னை ஏற விடமாட்டான்" என்றார். "பெரிய கழுதை. நானும்தான்."

சோஃபி ஊசிப் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"சுருட்டுங்கள்" என்றார் கிர்ஸ்டன், இன்னும் கம்பளத்தை விட்டு இறங்காமலே. "நான் மனம் மாறுவதற்குள் கொண்டுபோங்கள்."