காந்தத்தின் பின்பக்கம்

சட்டைப் பொத்தான் தைக்கும்போது ஊசி கை நழுவிவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரக் காந்தத்தை எடுத்துத் தரையைத் துழாவினேன். ஒட்டவில்லை. உடனே காந்தத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், அவர் காஸ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவரில்லை.

ராஜபாளையத்தில் நாங்கள் ஆபரேஷனில் ரத்தம் ஒற்றுகிற காஸ் துணியை மடித்துத் தைப்போம். கஞ்சி வாசனையும் பஞ்சுத் தூசியுமாக இருக்கும் அந்த ஷெட். தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு முனை காணவில்லையென்றாலும் அன்றைய சரக்கு மொத்தமும் எரிப்புக்குப் போகும்.

சேத்தூரிலிருந்து வந்த செல்விக்கு ஒருநாள் அப்படி ஊசி உடைந்து முனை காணாமல் போனது. வீட்டில் சண்டை போட்டு வேலைக்கு வந்தவள்.

"அக்கா, என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாவளாக்கா? அப்பா மறுபடி அனுப்ப மாட்டாவ."

"ஏட்டி, அழாத. கெடைக்கும்" என்றார் மேரியக்கா. எங்களோடு தைப்பவர்தான், மேஸ்திரி கூட இல்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தத்தைத் துணிமேல் நகர்த்திக்கொண்டே எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க போங்கட்டி, பஸ்ஸு போயிரும்."

ஒருத்தியும் போகவில்லை. எனக்கே ஆச்சரியம், நான் மணியடிக்கும் முன்பே செருப்பை மாட்டுகிற ஆள். அக்கா ஒன்றும் அழகில்லை, அதிகம் பேசவும் மாட்டார். ஆனாலும் அவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்று இருக்கும். இரும்பை இழுக்கிற காந்தம் மட்டும் இரும்பைக் கூப்பிட்டா இழுக்கிறது?

பண்டல் பண்டலாகப் பிரித்தோம், பஸ்ஸும் போயிற்று. கடைசியில் அக்கா சோர்ந்துபோய்க் காந்தத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார். முனை அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது! முதல் முறை துழாவியபோதே பிடித்திருக்கிறது. நாங்கள் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது அங்கே மிஷின் வந்துவிட்டதாம். இரும்பு இருந்தால் அதுவே கத்துமாம். மணியடித்ததும் அவரவர் ஸ்கூட்டியில் கிளம்பிவிடுகிறார்களாம்.

போன மழைக்காலத்தில் மேரியக்கா இறந்துபோனார். நாங்கள் யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஆளுக்கொரு ஊரிலிருந்து எல்லாருமே வந்துவிட்டோம். சேத்தூர் செல்வி எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். அடக்கம் முடிந்தும் அக்கா வீட்டு வாசலை விட்டு யாருக்கும் நகர மனம் வரவில்லை. நேரமாகிறது, போங்கட்டி என்று சொல்லத்தான் ஆளில்லை.