வீராயி கழுவிய வண்டி

எங்கள் வண்டியைச் சும்மா வண்டி என்று சொல்லிவிட முடியாது. நீளமான டீசல் வண்டிக்குள் ஒரு சின்ன வீடே இருந்தது. நோயாளி படுக்க ஒரு கட்டில், கை கழுவத் தொட்டி, மருந்து வைக்கக் குளிர்பெட்டி, டாக்டருக்கு மேஜை, போதாததற்கு ஏ.சி. வேறு. 2013-இல் ஒரு அறக்கட்டளை அதை நெய்வேலிக்கு அனுப்பியது. சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் இலவச வைத்தியம் பார்க்க வேண்டும். திறப்பு விழாவில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் நின்றார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட அதன் பிறகு வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்தது கிடையாது.

என் பெயர் வேலுமணி. பவானிப் பக்கத்திலிருந்து பதினோரு மாத கான்ட்ராக்டில் வந்து, அந்த வண்டியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவன். டிரைவர் தங்கராசு, முப்பது வயதுக்காரர், மேல்பட்டாம்பாக்கம். உதவியாளர் வீராயி. டாக்டர் வாரத்துக்கு ஒருவர் மாறுவார். நான் சொல்ல வந்தது வீராயியைப் பற்றி.

அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களையெடுத்துப் பிழைத்தவர்கள். சுரங்கத்துக்கு நிலம் போனபோது, நிலம் வைத்திருந்தவர்களுக்கு மனு கொடுக்கவும் வழக்குப் போடவும் மறியல் செய்யவும் கையில் ஒரு பட்டாவாவது இருந்தது. அந்த நிலத்தில் குனிந்தே முதுகு வளைந்தவர்களுக்கு எந்தப் பட்டா இருந்தது? அவர்கள் வேலை போனதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த காகிதங்களின்படி அவர்கள் அங்கே இருந்ததே இல்லை.

பிறகு ஒன்பது வருடம் சாம்பல் செங்கல் போடும் இடத்தில் வேலை. அனல்மின் நிலையத்துச் சாம்பலை லாரியில் கொண்டுவந்து மலைபோலக் கொட்டுவார்கள். தண்ணீர் விட்டுக் குழைத்து அச்சில் அடித்து எடுக்க வேண்டும். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்துவிடும். "சோறு பெசைய முடியாது சார். ஸ்பூன்லதான் தின்னுகினு இருந்தேன், பெரிய ஆபீசர் மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

எங்கள் வண்டியில் வேலை கிடைத்த பிறகு அந்தக் கை ஆறியது. நாற்காலி போடுவது, வரிசையை ஒழுங்கு செய்வது, பெண் நோயாளிகளுக்குத் துணை நிற்பது, வண்டியைக் கழுவுவது இவைதான் அவர் வேலை. ஒரு நாள் இரண்டு உள்ளங்கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு வந்து எல்லோரிடமும் காட்டினார். பத்து வருடம் கழித்து வைக்கிறாராம். இனி எந்தக் காலத்திலும் செங்கல் போடும் இடத்துக்குள் கால் வைப்பதில்லை என்று அன்றைக்குச் சொன்னார். இந்த வண்டி வேலை அவருக்கு என்னவென்று அந்தக் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருந்தார், பாலகுமார். நோயாளி எத்தனை பேர், மருந்து தீர்ந்துவிட்டதா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. காலை ஏழரைக்கு வண்டியின் முகம் பளபளவென்று இருக்கிற மாதிரி ஒரு போட்டோ சென்னை ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் போக வேண்டும். அவருடைய மொத்த வைத்திய சேவையும் அதுதான். வண்டியோ சாம்பல் லாரிகளின் பின்னாலேயே ஊர் ஊராகப் போய், சாயங்காலம் திருநீறு பூசினது போலத் திரும்பும். காலையில் வீராயி காய்ந்த துணியால் தட்டித் துடைத்து, பிறகு பக்கெட் தண்ணீரில் கழுவுவார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். பாலகுமார் பீய்ச்சி அடிக்கும் பம்பு ஒன்றை வாங்கி வந்தார்.

"முன்பக்கம் கிரில் மேல நேரா அடி. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடு ஆயா."

நாற்பத்து மூன்று வயதுக்காரருக்கு ஆயா என்று பெயர் வைத்த மகராசன் அவர்தான்.

"காஞ்ச துணியில தட்டிட்டு அடிக்கிறேங்க. சாம்பல்ல தண்ணி பட்டா இறுகிக்கும், அப்பறம் சொரண்டினாலும் போவாது" என்றார் வீராயி.

"சொன்னதைச் செய். எனக்குப் பாடம் எடுக்காதே."

நான் நாலு அடி தள்ளி டீ குடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் பம்பு உறுமியது. போட்டோவும் தவறாமல் போனது.

அடுத்த வருடம் மாசி பிறந்ததும் வண்டி சூடேற ஆரம்பித்தது. டவுன்ஷிப்பை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதற்குள் சூடு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொடும். தங்கராசு ஓரம் கட்டி, ஏ.சி.யை நிறுத்தி, ஆறும்வரை காத்திருப்பார். அங்கே கிராமத்தில் சர்க்கரை நோய்க்காரர்கள் வெறும் வயிற்றோடு எங்களுக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடியது, மறுபடி ஊசி ஏறியது. தண்ணீரைச் சுற்றிவிடும் வால்வை மாற்றினார்கள். பிறகு தண்ணீர் பம்பு, பிறகு விசிறி பெல்ட். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று ஒருவர் பயமுறுத்தினார்; அதைச் சோதித்தும் பார்த்தாயிற்று, போகவில்லை. "ரேடியேட்டர் அடைச்சிருக்கான்னு பாருங்கண்ணே" என்று தங்கராசு தலைகீழாக நின்று கேட்டார். முன்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். இருக்காதா? முன்னால் தெரிந்தது ஏ.சி.யின் ஜல்லடை. தினமும் பம்பில் குளித்த ஜல்லடை. ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. ஜல்லடையைக் கழற்றிப் பாருங்கள் என்றால், அது ஏ.சி. கான்ட்ராக்ட்காரர் தொட வேண்டியது என்றார் எஞ்சின் மெக்கானிக். ஏ.சி. ஆளைக் கூப்பிட்டால், வண்டி சூடாவதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றார். இரண்டு போல்ட்டைக் கழற்ற ஆள் இல்லாமல் மூன்று மாதம் ஓடிப்போனது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எந்த ஆபீசிலும் காரணம் கிடைக்காவிட்டால் ஆள் கிடைப்பான். பாலகுமார் ஆளைக் கண்டுபிடித்தார். டிரைவர் தண்ணீர் பார்க்காமல் ஓட்டுகிறார், அலட்சியம் என்று சென்னைக்கு எழுதினார். பத்து நாளில் விளக்கம் தரவேண்டும், இல்லாவிட்டால் நீக்கம் என்று தங்கராசுவுக்குக் கடிதம் வந்தது. எஞ்சினைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கி வெளியே போகிற டிரைவரை டவுன்ஷிப்பில் எந்த கான்ட்ராக்ட்காரர் வண்டியில் ஏற்றுவார்? அவர் வீட்டில் கைக்குழந்தை. அந்த வாரம் முழுக்க அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே கிடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்கு முன்னால் நின்று சாம்பிராணி காட்டுவது வீராயியின் வழக்கம். அன்றைக்குக் காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இங்க கொஞ்சம் வாயேன்."

தங்கராசு எழுந்து போனார்.

"வண்டி புதுசுல பொகைய உள்ளாற இழுத்துகினு போவும். ஒரு பொட்டு வெளிய வராது. இப்ப பாரு, என் மூஞ்சிக்கே வருது. கண்ணு எரியுதுன்னு நானும் தெனிக்கும் தள்ளித் தள்ளி நின்னுகினு இருந்திருக்கேன்."

தங்கராசு சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கிரில்லின் மேல் வைத்துக் கையை விட்டார். விசிறி இழுத்திருந்தால் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது நழுவிக் காலடியில் விழுந்தது.

வீராயி தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, பக்கவாட்டு இடுக்கில் விட்டு நெம்பினார். பொடி வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அதைக் கட்டைவிரலால் உடைக்கப் பார்த்தார், உடையவில்லை.

"இது நான் ஒம்பது வருசம் போட்ட கல்லு தம்பி" என்றார்.

தங்கராசு யாரையும் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தார், இரண்டு போல்ட்டைக் கழற்றினார், ஏ.சி. ஜல்லடையைக் குழாயோடு முன்னால் சாய்த்தார். பின்னால் ரேடியேட்டரே தெரியவில்லை. மூலைக்கு மூலை பூசி மெழுகிய சுவர் மாதிரி சாம்பல் இறுகிக் கிடந்தது. ஜல்லடை வழியாக உள்ளே புகுந்த சாம்பலைத் தினமும் தண்ணீர் அடித்து நனைத்து, பகலெல்லாம் எஞ்சின் சூட்டில் காயவைத்திருக்கிறோம். செங்கல் போடுகிறவர்கள்கூட இவ்வளவு சிரத்தையாகப் பதம் பார்க்க மாட்டார்கள்.

மூன்று பேரும் சாயங்காலம் வரை மூங்கில் குச்சியால் சுரண்டினோம். மறுநாள் ஏ.சி. போட்டபடியே கம்மாபுரம் தாண்டிப் போய்த் திரும்பினோம். ஊசி பாதியைத் தாண்டவே இல்லை. தங்கராசு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

வீராயி மட்டும் சந்தோஷப்படவில்லை. "தண்ணி அடிச்சது நான்தானே" என்றார்.

"அக்கா, அத யார்கிட்டயும் சொல்லாதீங்க. வெறும் தூசின்னு எழுதிக் குடுத்துர்றேன்" என்றார் தங்கராசு.

"தூசின்னா நீ ஏன் ஊதி எடுக்கலன்னு மறுபடி உன் தலையிலதான் கட்டுவாங்க. நடந்தத சொல்லுவோம். தண்ணி அடிக்கச் சொன்னவரு இருக்காரு, பாத்தவரும் இருக்காரு. எனக்கு இன்னா பயம்?"

பாத்தவர் என்று சொன்னபோது என்னைப் பார்த்தார். நானும் பெரிய மனிதன் மாதிரி தலையை ஆட்டினேன்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து சண்முகசுந்தரம் என்ற அதிகாரி வந்தார். வீராயி கொண்டுபோன சாம்பல் சில்லை மேஜைமேல் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னார். எஞ்சின் படித்த ஒருவருக்கும் தெரியாததை இந்த அம்மா கண்டுபிடித்தாரே என்று எழுந்து நின்று கும்பிட்டிருக்க வேண்டாமா? அதிகாரி கேட்டது ஒரே கேள்வி.

"அப்போ தண்ணி அடிச்சது நீதான்?"

"ஆமாங்க. சூப்பர்வைசர் சார் அடிக்கச் சொன்னாரு. இறுகிக்கும்னு நான் சொன்னேன், அவுரு கேக்கல."

"நான் வண்டியைச் சுத்தமா வெச்சுக்கச் சொன்னேன் சார். எப்படிக் கழுவணும்னு நான் சொல்லவே இல்லை" என்றார் பாலகுமார். பச்சைப் பொய். கண் சிமிட்டாமல் சொன்னார். பம்பு வாங்கி வந்த கை அது.

"மருந்து குடுக்கற சாரு பக்கத்துலதாங்க நின்னுகினு இருந்தாரு. அவரக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் தாள் அந்த மாதம் பாலகுமாரின் கையெழுத்துக்குப் போயிருந்தது. இவ்வளவு நேரம் ரிப்பன் பிடித்தவர்களைத் திட்டினேன், மெக்கானிக்குகளைத் திட்டினேன், பாலகுமாரைத் திட்டினேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க சார்" என்றேன்.

தங்கராசு மேல் இருந்த புகார் ரத்தானது. அவர் எழுந்து, அக்கா தெரிந்து செய்யவில்லை என்று கெஞ்சினார். அதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. உதவியாளரின் தவறான கழுவும் முறையால் சேதம் என்று தட்டச்சு செய்த தாளில் வீராயி கையெழுத்துப் போட்டார். அன்றோடு வேலை முடிந்தது. என் கான்ட்ராக்ட் அடுத்த வாரம் வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, அவர் ஊரில் எங்கள் முகாம். பதிவேட்டைப் பார்த்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீராயி என்று வந்தது. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவரே முன்னால் வந்து நின்றார். டாக்டர் சீட்டில் கைப்புண்ணுக்குக் களிம்பு என்று எழுதியிருந்தது. சீட்டை நீட்டிய விரல்களின் இடுக்கெல்லாம் வெந்து, தோல் சுருண்டிருந்தது.

"வீராயி, நான் எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கறனுங்க. சென்னைக்கே அனுப்பறேன்" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அப்போதும் பாலகுமார் எங்கே நிற்கிறார் என்று என் கண் தேடியது.

அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"எழுதுங்க, எழுதாத போங்க. அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டேன், அதுக்கு வாய் வரல ஒங்களுக்கு. மருந்தக் குடுங்க சார், பின்னாடி ஜனங்க நிக்குது."

கொடுத்தேன். களிம்பு மூடியை அவரால் திருக முடியவில்லை. பின்னால் நின்ற பெண்தான் வாங்கித் திறந்து கொடுத்தார்.