மொரீஷியஸுக்கு எத்தனை மணி நேரம்

கல்லூரி முடித்ததும் திருப்பூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. விமானத்தை வானத்தில் பார்த்ததோடு சரி. டிக்கெட் போடுவதை மட்டும் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போது மொரீஷியஸில் இருந்த பனியன் கம்பெனிகள் இங்கிருந்து டெய்லர்களை எடுத்துக்கொண்டிருந்தன. மங்கலம் ரோட்டில் குடியிருந்த ஒரு டெய்லர், டிக்கெட் வாங்க மனைவியோடு வந்தார். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அக்காதான் கேட்டார்.

"பிளேன்ல எம்புட்டு நேரம் ஆகும்மா?"

டிக்கெட்டைப் பார்த்தேன். சென்னையில் காலை பத்து மணி. அங்கே இறங்குவது மதியம் இரண்டரை.

"நாலரை மணி நேரந்தானுங்க அக்கா."

"எங்க ஊருக்கு பஸ்ல போறதவிடக் கொறச்சலால்ல இருக்கு!" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் வீட்டில் போன் இல்லை. இறங்கியதும் எங்கள் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுவதாக ஏற்பாடு.

விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் சென்னைக்கு ரயிலேறினார். மறுநாள் தான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அக்கா இரண்டு மணிக்கே வந்து உட்கார்ந்தார். புடவையில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டரை ஆனது. மூன்று ஆனது. போன் அடித்தபோதெல்லாம் எழுந்து நின்றார். ஒன்று பெங்களூர் பஸ் விசாரணை. இன்னொன்று ராங் நம்பர்.

"கடலு மேலதான போவுது?" என்றார். சென்னை ஏஜெண்டைக் கூப்பிட்டேன். காலையில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது என்றார். அது பயத்தைக் கூட்டத்தான் செய்தது.

மூன்றரைக்கு முதலாளி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் டிக்கெட் நகலை வாங்கிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது அந்த ஊரு மணியாச்சே! அவங்க நம்மளுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. மொத்தம் ஆறு மணி நேரம். பிளேன் இன்னும் பறந்துட்டுத்தான் இருக்குது."

ஒரே அறைதான்; அக்காவுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பு என்னுதுங்க அக்கா. தெரியாம சொல்லிப்போட்டேன்."

அவர் கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ அங்க இப்ப மணி என்ன?"

"ரெண்டுங்க."

"இங்க மூணரை, அங்க ரெண்டு," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவுக மத்தியானம் சாப்பிட உக்காரும்போது எனக்கு டீ டைம் வந்திரும்."

முதலாளி மூன்று டீ சொன்னார்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது, அங்கே அழைத்துப்போக வந்திருந்த வேன்காரரின் செல்போனிலிருந்து. அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "காது அடச்சிச்சா? சாப்பாடு குடுத்தாங்களா?" ஒரு நிமிஷம்கூட இருக்காது. வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "நேத்து ஆறு மணிக்கு வீட்ட விட்டுக் கெளம்புனாவ. ரயிலு, பிளேனு எல்லாஞ் சேத்து ஒரு நாளு. இனி யாரு கேட்டாலும் அப்படிச் சொல்லும்மா."

அதன்பிறகு வெளிநாட்டு டிக்கெட் ஒவ்வொன்றின் உறையிலும் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: இறங்கும்போது அந்த ஊரில் மணி என்ன, நம் ஊரில் என்ன, வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் எவ்வளவு. முதலாளி பார்த்துச் சிரித்தாரே தவிர, வேண்டாமென்று சொல்லவில்லை.