நேரங்கெட்ட சங்கு

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல என்னைப் பார்க்கிறவன் எல்லாம் ஒரே கேள்விதான் கேக்கறான். "இன்னாப்பா, ஆப்பிரிக்கா போய் கையை அங்கயே வுட்டுட்டு வந்துட்டியா?" கேட்டுட்டு ஒரு சிரிப்பு வேற. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு, நல்லா இருக்கிற இடது கையால பளார்னு ஒண்ணு விடலாமான்னு இருக்கும். என் கடைக்கு மீன் வாங்க வந்தவன் மீனை வாங்கிட்டுப் போகவேண்டியதுதானே? என் வலது கை முழங்கையோட நின்னுபோச்சு, மடங்காது. ரெண்டு பேர் சேர்ந்து உடைச்ச கை அது. அந்த ரெண்டு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் ஜென்ம விரோதி.

முதல்ல என் தம்பி கையைச் சொல்லணும். கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தை மூடின பிறகு எங்க ஊர்ல பாதிப் பேர் காலை ரயிலைப் பிடிச்சு பெங்களூர் போனோம். போகப் பிடிக்காதவனுங்க மூடிக் கிடந்த ஷெட்டுங்களுக்குள்ள பூந்தானுங்க. என் தம்பி பாலகாட் ஷாஃப்ட் பக்கம் செம்புக் கேபிள் அறுக்கப் போய் மாட்டிக்கிட்டான். காவலுக்கு இருந்தவனுங்க அவனைத் தரையில போட்டு, வலது கையைக் கல்லு மேல வெச்சு அடிச்சானுங்க. திருடின கைன்னு பார்த்துப் பார்த்து அடிச்சானுங்க. கட்டுப் போட்டவன் கோணலாப் போட்டுட்டான். அன்னியிலிருந்து தம்பி இடது கையாலதான் சாப்பிடறான். நான் கேட் கிட்ட போய் காவல்காரன் ஒருத்தன் சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன். பார்த்தா எங்க கோரமண்டல் லைன் வீட்டுல வளர்ந்த பையன். வயித்துப்பாட்டுக்கு அவன் லத்தி எடுத்தான், என் தம்பி ரம்பம் எடுத்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வைண்டிங் டிரைவர். கேஜுங்கற இரும்புக் கூண்டுல ஆளுங்களை ஏத்தி ஷாஃப்ட்டுக்குள்ள இறக்கி, ஷிஃப்ட் முடிஞ்சா மேல தூக்கற இன்ஜினை ஓட்டறவன். பெங்களூர்ல கட்டடம் கட்டற இடத்துல சிமெண்ட் மூட்டை தூக்கற வேலை கிடைச்சுது. மனுஷ உசுரைத் தூக்கின கையால மூட்டை தூக்கறமேன்னு எனக்கு வெட்கமா இருக்கும். அதான் ஒரு ஏஜெண்ட் வந்து, "ஆப்பிரிக்காவுல தங்கச் சுரங்கம், வைண்டிங் டிரைவர் வேணும், கேஜிஎஃப் ஆளுன்னா கண்ணை மூடிக்கினு எடுத்துக்குவாங்க"ன்னு சொன்னப்ப, பொண்டாட்டி அழுததைக்கூடக் காதுல வாங்காம கிளம்பிட்டேன். எந்த நாடுன்னு சொல்லமாட்டேன். அந்த ஜனங்க மேல எனக்குக் கோபமில்ல.

போய்ப் பார்த்தா எங்க ஊர் மாதிரியே ஷாஃப்ட், எங்க ஊர் மாதிரியே கேஜ். மணிகூட அதே மணி. ஒண்ணு அடிச்சா தூக்கு, ரெண்டு அடிச்சா இறக்கு, மூணு அடிச்சா ஆளுங்க ஏறியிருக்காங்க, பார்த்து ஓட்டு. வெள்ளைக்காரன் எல்லா நாட்டுக்கும் ஒரே மணியைக் கட்டிவிட்டுப் போயிருக்கான் பாருங்க, கடங்காரன்.

அந்த மலையை கம்பெனி வர்றதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரனுங்களே தோண்டித் தின்னுக்கினு இருந்தானுங்க. கம்பெனி வந்து வேலி போட்டுடுச்சு. தெம்பு இருந்தவன் லாரி ஏறி, படகு ஏறி வேற வேற நாட்டுக்குப் போயிட்டான். நாங்க அவ்வளவு தூரத்துலருந்து அங்க போறோம், அங்க இருக்கிறவன் எங்கயோ போறான், என்ன கண்றாவியோ. போகமுடியாதவனுங்க வேலியை அறுத்துக்கினு உள்ள வந்தானுங்க. கம்பெனி காவல்காரனுங்க அவனுங்களை வேட்டையாடினானுங்க. ஒருத்தனை ஜீப்புக்குப் பின்னாடி கயித்துல கட்டி இழுத்துக்கினு போனதை நான் என் கண்ணால பார்த்தேன். ரோட்டுல அவன் தோல் ஒட்டிக்கினு இருந்துச்சு. அன்னிக்குப் பூரா தம்பி ஞாபகமாவே இருந்துச்சு.

எங்களுக்குச் சொல்லி வெச்சிருந்தாங்க: சங்கு ஊதினா கதவைத் தாழ் போட்டுக்கினு கட்டிலுக்கு அடியில படுத்துக்கணும், ஜனங்க உள்ள பூந்துட்டாங்கன்னு அர்த்தம். சரி சரின்னு தலையாட்டினேன்.

ஒரு மத்தியானம், லீவுல துணி துவைச்சுக்கினு இருந்தேன். சங்கு ஊதுச்சு. நேரங்கெட்ட நேரத்துல சங்கு ஊதினா எங்க ஊர்ல என்ன பண்ணுவோம்? அடுப்புல உலை கொதிச்சாலும் அப்படியே போட்டுட்டு ஷாஃப்ட்டுக்கு ஓடுவோம். உள்ள விபத்துன்னு அர்த்தம், மாட்டினது யாரோட அப்பனோ, யாரோட புருஷனோ. நான் பிறந்ததுலருந்து பார்த்தது அதான். என் காலு என்னைக் கேக்கவே இல்ல. ஈரச் சட்டையோட, செருப்பில்லாம, எல்லாரும் கதவைச் சாத்தற நேரத்துல நான் ஷாஃப்ட்டைப் பார்க்க ஓடினேன். பக்கத்து ரூம் தெலுங்குக்காரன் ஜன்னல்லருந்து "எக்கடிக்கிரா!"ன்னு கத்தினான். எங்க ஓடறேன்னு எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது.

அங்க ஒரே கல்லு மழை. வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே நிக்குது. ஒருத்தன் மண்டை பிளந்து குப்புறக் கிடந்தான், அவன் மேலயே மிதிச்சுக்கினு ஓடறாங்க. உள்ள இருக்கிறவனுங்களுக்கு மூச்சு முட்டட்டும்னு ஷாஃப்ட் வாயில காவல்காரனுங்க டயரைக் கொளுத்தி வெச்சிருந்தானுங்க. காத்து புகையைக் கீழ இழுக்குது. இன்ஜின் ரூம்ல டிரைவர் இல்ல, ஓடிட்டான். ஆனா மணி அடிக்குது. மூணு. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் மூணு. வேலியை அறுத்துக்கினு தோண்ட இறங்கினவனுங்க கேஜ்ல ஏறி நின்னுக்கினு, புகையில கிடந்து, தூக்குடா தூக்குடான்னு அடிக்கிறானுங்க.

நான் சீட்டுல உக்காந்தேன். காவல் தலைவன் உள்ள வந்து, "விடு, கீழயே கிடக்கட்டும்"ன்னான். மணி தடுமாறுச்சு. மூணு அடிக்கத் தெம்பில்லாம ரெண்டோட நின்னுச்சு. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. "கீழ இருக்கிறது மனுஷன்டா, தேவடியாப் பையா"ன்னு தமிழ்லயே கத்திட்டு பிரேக்கை விட்டேன்.

துப்பாக்கிக் கட்டையால என் வலது முழங்கையில இறக்கினான். கரும்பை ஒடிச்ச சத்தம். கை தொங்கிப்போச்சு. இடது கையால லீவரைப் பிடிச்சேன். முதுகுல அடிச்சான், காதுல அடிச்சான், சட்டைக்குள்ள ரத்தம் சூடா இறங்குது. சுட்டே இருப்பான், ஆனா ரோப் ஓடறப்போ டிரைவரைச் சுட்டா கேஜ் எங்க போய் மோதும்னு அவனுக்கும் பயம். நான் அழுதுக்கினே தூக்கினேன். அம்மா, அப்பா, மாதாவே, எல்லாரையும் கூப்பிட்டேன்.

கேஜ் மேல வந்துச்சு. கரி பூசின மாதிரி ஆளுங்க, இருமிக்கினே வெளிய விழுந்தானுங்க. விழுந்தவனுங்களைக் காவல்காரனுங்க தடியால அடிச்சானுங்க, அவனுங்களும் கையில கிடைச்சதை எடுத்துத் திருப்பி அடிச்சானுங்க. தலைவன் அங்க ஓடினான். அப்பாடான்னு நான் தலை தூக்கறேன், கேஜ்லருந்து வந்த ஒருத்தன் இரும்புக் கம்பியோட வாசல்ல நிக்கிறான். கண்ணு ரெண்டும் மிளகாய்ப்பழம். அவன் பார்த்தது கம்பெனிச் சட்டை போட்ட இந்தியாக்காரனை. வேண்டாம்னு உடைஞ்ச கையைத் தூக்கினேன். அதே முழங்கையில போட்டான். அப்புறம் மண்டையில. ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கத்தினான், அதுக்கு அர்த்தம் இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஜன்னல் வழியாக் குதிச்சு வேலியைத் தாண்டி ஓடிட்டான்.

கம்பெனிக்காரன் கைக்குக் கட்டுப் போட்டான். சொன்ன பேச்சைக் கேக்கலன்னு வேலையை விட்டுத் தூக்கி பிளேன் ஏத்திட்டான்.

பொண்டாட்டி பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலைக்கு ரயில் ஏறிடுவா. வலது கை கட்டுல தொங்க, இடது கையால சாப்பிட வராத என்னைத் தம்பிதான் பார்த்துக்கிட்டான். மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சு இடது கையால ஊட்டுவான். ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்லருந்து வந்த என் பொண்டாட்டி பார்த்துட்டு, "இன்னா தம்பி, ஊட்டறதுக்கும் பீச்சாங்கையா?"ன்னா. "எனக்கு இருக்கிறது இதான் அண்ணி"ன்னான்.

அன்னிக்குத்தான் தம்பி கேட்டான். "எல்லாரும் மேல வந்துட்டாங்களா ண்ணா?"

"வந்துட்டாங்க."

"உன்னைக் கம்பியால அடிச்சானே, அவன்?"

"வேலியைத் தாண்டி ஓடிட்டான், நாய்."

"மாட்டலியே?"

"மாட்டல."

"அப்பாடா"ன்னு நெஞ்சுல கை வெச்சான் பாருங்க, எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. காலால தட்டை எத்தினேன். செவுத்துல போய் அடிச்சு, சோறு வீடெல்லாம் சிதறுச்சு. "நான் உன் அண்ணனா, அவன் உன் அண்ணனாடா? என் மண்டையை உடைச்சிருக்கான், உனக்கு அவன் தப்பிச்சதுதான் பெரிசா?"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் குனிஞ்சு சோத்தைப் பொறுக்கி ஓரமாப் போட்டான். கையைக் கழுவிட்டு வந்து வேற சோறு போட்டுப் பிசைஞ்சான்.

"என்னால அன்னிக்கு ஓட முடியல ண்ணா. அவனாச்சும் ஓடினானே."

உருண்டையை நீட்டினான். வாயைத் திறந்தேன்.