எட்டு யூனிட்டும் சானமாவு மூடுபனியும்

2023 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபத்தைந்து நிமிடம். ஓசூர் பஸ் நிலையத்தில் கடும் மூடுபனி. வரிசையில் நின்ற பஸ்களில் நாலாவதுவரை எண்ண முடிந்தது. ஐந்தாவது வெறும் மஞ்சள் கறையாக இருந்தது.

ராயக்கோட்டையில் என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. மனைவியும் மகனும் முந்தின நாளே போய்விட்டார்கள். வெளியூரில் இரவு தங்கினால் என் ஊசி நேரமெல்லாம் குழம்பும் என்று சொல்லி, காலையில் தனியாக வருவதாக நான் நின்றுகொண்டேன். செப்டம்பரில் உழவர் சந்தையில் சர்க்கரை இறங்கி ஒருமுறை விழுந்திருந்தேன். அதிலிருந்து மகன் என்னைத் தனியே எங்கும் விடுவதில்லை. இந்த ஒரு பயணம் சரியாக நடந்தால் மறுபடி போகலாம், வரலாம். நடக்காவிட்டால் இனி யார் துணையாவது வேண்டும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எனக்கு வந்தது முதல் வகைச் சர்க்கரை நோய். உடம்பு இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடும் வகை. இருபத்தேழு வயதில் வந்தது, இப்போது அறுபத்தொன்பது. நாளுக்கு நாலு ஊசி என்று வைத்தாலும் அறுபத்தோராயிரத்தைத் தாண்டும். முப்பத்தொரு ஆண்டு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். அங்கே ஓர் அளவு மாறினால் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். என் உடம்பில் அப்படி இல்லை. அதே நாலு இட்லி, அதே எட்டு யூனிட் இன்சுலின், அதே இரண்டாயிரம் அடி நடை. ஒரு நாள் சர்க்கரை நூற்று நாற்பது, மறுநாள் இருநூற்று நாற்பது. நாற்பத்திரண்டு ஆண்டு எண்ணியும் பிடிபடவில்லை.

பஸ் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். உத்தனப்பள்ளியைத் தாண்டும்போது ஊசி போட்டுக்கொண்டால், இருபது நிமிடத்தில் ராயக்கோட்டை, இறங்கியதும் முதல் பந்தி. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்க்க ஊசி போடுவது எனக்குப் பிடிக்காது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. எந்த ஊர் என்று தெரியவில்லை. அதனால் கடிகாரத்தை நம்பினேன். தாமதத்தையும் கூட்டி எட்டேகாலுக்கு உத்தனப்பள்ளி என்று கணக்கிட்டேன். சோதித்ததில் நூற்று முப்பத்தெட்டு. சட்டையை நீக்கி எட்டு யூனிட் போட்டுக்கொண்டேன். பனியில் ஓட்டுநர் பாதி வேகத்தில் ஊர்ந்து வந்ததை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் பஸ் நின்றது. அது உத்தனப்பள்ளி அல்ல, அதற்கு வெகு முன்னாலேயே வரும் காட்டோர ஊர் சானமாவு. வனக்காவலர் ஒருவர் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"யாரும் எறங்காதீங்க. ஆன ரோட்டுல நிக்குது, குட்டியோட" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் போட்டியாப்பா அதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது பாஸ் வெச்சிருக்குதுண்ணா. நம்மள விட முந்தி வந்தது."

நான் பையைத் துழாவினேன். ஊசி, சோதனைப் பட்டைகள், சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் இருந்தன. குளுக்கோஸ் பொட்டலம் இல்லை. அது மனைவி எடுத்துப்போன பையில் முந்தின நாளே ராயக்கோட்டை போய்விட்டது.

எட்டு நாற்பதுக்கு எண்பத்தொன்று. எட்டு ஐம்பதுக்கு மேல் பனி கொஞ்சம் நகர்ந்தது, அல்லது யானைகள் நகர்ந்தன. இரண்டும் ஒரே நிறம், ஒரே நிதானம். எண்ணினேன், ஏழு. மறுபடி எண்ணினேன், ஒன்பது. மூன்றாம் முறை ஐந்து. தவறிவிட்டதே என்ற கவலைகூட வரவில்லை. பஸ் ஒரு ஏரிக்கடியில் நிற்பது போலவும், எல்லோருடைய பேச்சும் தண்ணீருக்கு மேலிருந்து கேட்பது போலவும் இருந்தது. அறுவடை முடிந்த ராகிக் காட்டில் ஒரு குட்டி உட்கார்ந்து எழுந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சர்க்கரை இறங்கும்போது வரும் அந்த இதம்தான் எனக்கு எப்போதும் பயம். அந்தப் பயமும் அன்று எங்கோ தூரத்தில் நின்றது.

கழுத்தில் வியர்வை இறங்கியது. கருவியில் ஐம்பத்து நாலு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

பக்கத்தில் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, பெட்டிக்கடைக்குச் சரக்கு வாங்கிப் போகிறவர். மடியில் தேன்மிட்டாய்ப் பாக்கெட்டுகள். அதுவரை போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரெண்டு மிட்டாய் குடுங்க. எனக்குச் சர்க்கரை" என்றேன். நாக்கு தடித்திருந்தது.

"சக்கரைன்னு சொல்லிட்டு மிட்டாய் கேக்கறீங்களே. எங்க வூட்டுக்காரருக்கும் இருக்குது. இனிப்ப கண்ணுல காட்டமாட்டேன்."

"குடுக்காதம்மா, பாவம் வந்துரும்" என்றார் யானைக்கு டிக்கெட் கேட்ட அதே ஆள்.

கருவியைக் காட்டினேன்.

"அம்பத்தி நாலுதானே? நல்லாத்தானே இருக்குது. அவுருக்கு முந்நூறு."

நாற்பத்திரண்டு ஆண்டில் படித்ததெல்லாம் பனியில் போய்விட்டது. சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"விக்கிறீங்கல்ல. ஒரு பாக்கெட் குடுங்க."

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வியாபாரம்னா வேற" என்று பாக்கெட்டைப் பிரித்தே கொடுத்தார். மீதி நாற்பதையும் கையில் திணித்தார்.

ஆறு மிட்டாய் தின்றேன். பாகு மோவாயில் வழிந்தது. உலகம் ஒவ்வொரு பொருளாகத் திரும்பி வந்தது: முதலில் முன்சீட்டின் கம்பி, பிறகு கண்டக்டரின் விசில். வண்டி நகரும்போது சாலையில் யானைகள் இல்லை. எத்தனை என்று கண்டக்டரைக் கேட்கத் தோன்றவில்லை.

யாரிடமும் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் ராயக்கோட்டையில் இறங்கும்போது கால் தள்ளாடியது. அந்த அம்மா என் பையை வாங்கிக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்தார். பந்தல் ஓரம் நின்ற என் மனைவியிடம், "அக்கா, உங்க வூட்டுக்காரர பாத்துக்குங்க. சக்கரைய வெச்சிக்கினு வழியெல்லாம் மிட்டாய் தின்னுக்கினு வர்றாரு" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனார்.

மனைவி என் மோவாயைத் துடைத்தாள். "எத்தன?" என்றாள்.

"ஆறு."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மகனுக்கும்தான். அவன் அன்று திட்டவில்லை. திரும்பும்போது காரில், "தனியா போறதுன்னா கையில சென்சார் ஒட்டிக்கிட்டு போங்கப்பா. சர்க்கர எறங்குனா உங்க போனும் கத்தும், என் போனும் கத்தும். வேணாம்னா பஸ் வேணாம்" என்றான்.

"எவ்வளவு நாளைக்கு வரும்?"

"பதினாலு நாள். நானே வாங்கித் தர்றேன்."

அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வாங்கிக் கொடுத்தால் போவதற்கும் வருவதற்கும் அவன்தான் உத்தரவு கொடுப்பான். மறுநாள் என் ஓய்வூதியத்தில் வாங்கி இடது கையில் ஒட்டிக்கொண்டேன். பஸ் டிக்கெட் முப்பது, தேன்மிட்டாய் அறுபது, சென்சார் நாலாயிரத்து எண்ணூறு. தனியாகப் போன அந்த ஒரு பயணத்துக்கு ஆக மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.