கூண்டில் தொங்கிய சிவப்பு அட்டை

என் அக்காவின் கணவரை வேலையிடத்தில் 'பாதாளம்' என்று கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் கூண்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இறங்கிவிட்டாரென்றால் சாப்பிடக்கூட மேலே வரமாட்டார், அதனால் அந்தப் பெயர். வீட்டிலோ மனிதர் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார்.

நான் அவர்கள் வீட்டுக்கு நேர்மேல் மாடியில் இருக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம் என்றால் கீழேயிருந்து மாமா எதையாவது இழுக்கும் சத்தம் கேட்கும். மீன் தொட்டியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றிக்கொண்டிருப்பார். போன வாரம்தானே மாற்றினீர்கள் என்று கேட்டால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

மூன்றடி நீளத் தொட்டி அது. மாமாவின் ஆசை. அக்காவுக்கு லவ் பேர்ட்ஸ் ஜோடி, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். இரண்டும் ஒரே ஹாலில்தான் இருந்தன, வேறு இடம் கிடையாது. சாயங்காலம் அக்கா கூண்டைத் திறந்துவிட்டால் இரண்டும் ஃபேன் நிறுத்திய ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது போன் வந்தது. மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தபடியே பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மஞ்சள் பறவை தொட்டித் தண்ணீரில் செத்துக் கிடந்தது. வழவழக்கும் கண்ணாடியில் கால் வைத்து ஏற முடியாமல் சிறகு நனைந்து முழுகிப்போயிருந்தது.

அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. யார் கேட்டாலும் மாமாவே முந்திக்கொண்டு, "நான்தான் மூடியத் திறந்து போட்டுட்டேன்" என்பார். எல்லோரும் அவரைத்தான் திட்டினோம். நானும் திட்டினேன், வயதுக்கு மரியாதை இல்லாமல்.

அதற்குப் பிறகு பிடித்தது மாமாவுக்குப் பைத்தியம். மூடிக்கு நான்கு கிளிப். தொட்டியின் ஹீட்டர் வயரை நீலம் கொத்திவிடும் என்று பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓட்டினார். பறவை வெளியே வரும் நேரத்தில் தொட்டிமேல் கறுப்புத் துணி, தண்ணீர் மினுங்கினால் இறங்கப் பார்க்குமாம். மீனுக்கு மருந்து கலந்த வாளியை மூடி, அந்த மூடிமேல் செங்கல்லும் வைத்தார். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட இவ்வளவு காவல் நான் வைத்ததில்லை.

கடைசியில் வேலையிடத்துச் சட்டத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். லிஃப்ட் கூண்டின்மேல் ஏறி வேலை செய்கிறவர், கரண்ட்டை நிறுத்தி அந்த சுவிட்சைப் பூட்டி, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். மாட்டியவர்தான் கழற்றலாம். முதலாளியே வந்து தலைகீழாக நின்றாலும் இன்னொருவர் தொடக் கூடாது, ஏனென்றால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது. இனி தொட்டி மூடி திறந்திருக்கும் நேரமெல்லாம் பறவைக் கூண்டில் அந்தப் பூட்டும் அட்டையும் தொங்கும் என்றார் மாமா. தீனிக் கிண்ணம் வைக்கும் சின்னக் கதவுகளையும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினார். முறுக்கிய நுனி யார் கையையும் கிழிக்கக் கூடாது என்று உட்பக்கமாக மடக்கினார். அது அவர் தொழில் பழக்கம்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "சரி, தொடமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

போன ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். மாமா கூண்டைப் பூட்டி, அட்டையை மாட்டி, பாதித் தண்ணீரை இறைத்திருந்தார். அதற்குள் அழைப்பு. எங்கோ ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். தொட்டியை மூடி நான்கு கிளிப்பையும் போட்டுவிட்டு ஓடினார். சாவி பாக்கெட்டிலேயே போய்விட்டது.

அரைமணி நேரத்தில் அக்கா மாடிப்படியில் நின்று கத்தினாள். நான் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே இறங்கினேன். நீலத்தின் காலில் கடையிலேயே போட்டிருந்த அடையாள வளையம், உள்ளே மடக்கிய அந்தக் கம்பி நுனியில் மாட்டியிருந்தது. தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தது. கூண்டுக்கு அடியில் இறகாகக் கொட்டிக் கிடந்தது. வெளியிலிருந்து விரல் எட்டவில்லை. கம்பெனிப் பூட்டு, அதை அசைக்க முடியாது. ஆனால் கூண்டுக் கம்பி மெலிசுதான்.

மேலே ஓடிக் கட்டிங் பிளேயரோடு வந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டா. அவரு அட்டை மாட்டியிருக்காரு. கேட்டுட்டு வெட்டு."

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா? கால் ஒடிஞ்சிடும்!"

"என்னால இன்னொண்ணு போகக் கூடாதுடா."

இன்னொன்றா? நின்று கேட்க நேரமில்லை. அவள் போனைப் போட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, எடுக்கவில்லை. பறவை படபடப்பது குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். நான் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"யாரும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்றார் மாமா உடனே. போனில் அவருக்குப் பின்னால் எங்கோ சங்கிலி உரசும் சத்தம் கேட்டது.

"மாமா, நீங்க வர்றதுக்குள்ள..."

"வெட்டு."

"என்ன?"

"வெட்டுடா! அவளைப் பிடிச்சுக்கச் சொல்லு, நீ வெட்டு."

இருபத்தாறு வருடத்தில் அவர் மாட்டிய அட்டையை இன்னொருவர் மீறியது அதுதான் முதல் தடவை. நான் நாலு கம்பியை வெட்டினேன். அக்கா கையை உள்ளே விட்டு நீலத்தைத் தாங்கிக்கொண்டாள். கட்டுக்கம்பியை நறுக்கியதும் கால் விடுபட்டது. வீங்கியிருந்தது, ஒடியவில்லை. ஒரு அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் குடித்தது.

மாமா ஒரு மணி நேரம் கழித்து கிரீஸ் கையோடு வந்தார். பெட்டிக்குள் பார்த்தார், வெட்டிய கூண்டைப் பார்த்தார், பால்கனிக்குப் போனார், திரும்பி வந்தார். மறுபடி போகத் திரும்பியபோது அக்கா வழியை மறித்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க. அன்னிக்குக் கூண்டத் திறந்தது நான்தான்."

"தெரியும்."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கும்தான். கூண்டு தானாகவா திறக்கும்? எட்டு மாதமாக இதை ஒருவர்கூட யோசிக்கவில்லையே. மூடியைத் திறந்துபோட்டதுதான் தப்பு என்றவர் பூட்டைக் கொண்டுபோய்க் கூண்டில் ஏன் போட்டார் என்றும் நான் யோசிக்கவில்லை.

"நீங்க தண்ணி மாத்துறது எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "வாளிச் சத்தம் கேட்டுச்சு. மூடியிருப்பீங்கன்னு நெனச்சு, தொட்டியப் பாக்காமலே திறந்துவிட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். எல்லாரும் உங்களையே சொன்னாங்க, நானும் வாயைத் திறக்கல. தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல நீங்க?"

மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் எப்போதோ போய்விட்டது, துடைக்க ஒன்றும் இல்லை.

"பால்கனியில பேசிக்கிட்டிருந்தப்போ கூண்டுக் கதவுச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. மூடி திறந்திருக்குன்னும் ஞாபகம் இருந்துச்சு. மேனேஜர் பேச்ச எப்படி நடுவுல நிறுத்துறதுன்னு நின்னுட்டேன். உன்னைக் கேட்டா இதையும் சொல்லணும். எனக்குத் தைரியம் வரல."

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் தெரியவில்லை. மாமா மூக்கை உறிஞ்சினார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

அக்கா அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டாள்.

"நீங்களே முழுசா வச்சுக்கிட்டுத் தவிச்சது போதும். என் பாதியை எனக்குக் குடுங்க."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மேலே போனேன். சாயங்காலம் வரை கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.