அறையில் இருவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் இது கட்டிவிட்ட கதை இல்லை. இதில் வருகிற தங்கை இன்றும் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க பார்ப்போம்" என்று சிரித்த முகமாகத்தான் சொல்வாள். இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்... சிரிப்பு அப்படியே நின்றுவிடும்.

அவளுடைய அண்ணன் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். ஈரத் தரையில் வழுக்கி, குளத்தின் விளிம்பில் பின்கழுத்து அடிபட விழுந்தார். அன்றோடு கழுத்துக்குக் கீழே எல்லாம் அடங்கிப்போயிற்று. கை அசையாது, கால் அசையாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். பேசுவார். அவ்வளவுதான்.

சக்கர நாற்காலி நுழைகிற கதவு, படி இல்லாத வாசல் என்று அலைந்து திரிந்து ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தாள் தங்கை. அங்கே போன பிறகு அண்ணனின் குரல் இன்னும் தேய்ந்தது. மூச்சுத் தசை பலவீனமாகத்தான் செய்யும், எதிர்பார்த்ததுதான் என்றார்கள் டாக்டர்கள். காலையில் ஒரு உதவியாளர் அம்மா வந்து குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு இரண்டு மணிக்குப் போய்விடுவார். தங்கை கடையிலிருந்து வர நான்காகும். நடுவில் அண்ணன் தனியாக.

"எதுக்கெடுத்தாலும் உன்னைக் கூப்பிடணும், வாலு," என்றார் ஒரு நாள். சின்ன வயதில் அவர் பின்னாலேயே சுற்றியதால் வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியும் மாறவில்லை. "மூக்கு அரிச்சாக்கூட நீதான் வரணும். ஒரே ஒரு விஷயமாவது நானா செய்யணும். பாட்டுப் போடணும், நிறுத்தணும். அது போதும்."

அவளும் விடவில்லை. முதலில் வாங்கியது, சொன்னால் கேட்கிற ஸ்பீக்கர். அண்ணனின் குரல் அதற்கு எட்டவில்லை. 'பழைய பாட்டு போடு' என்று மூச்சைப் பிடித்துச் சொன்னால், 'பழைய பாத்திரம் எதுவும் கிடைக்கவில்லை' என்று பதில் வந்தது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்தது, வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு செல்போனைத் தொடுகிற ஏற்பாடு. இரண்டே பாட்டில் தாடை வலித்தது. குச்சி கீழே விழுந்தால் எடுத்துத் தர ஆள் வேண்டும். அப்புறம் என்ன சுதந்திரம்?

மூன்றாவதாகத்தான் 'ஒயர் அக்கா' கடைக்குப் போனாள். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஒயர் தொங்குவதால் அந்தப் பெயர். அவளே நேரில் வந்து அண்ணனைப் பார்த்தாள். தலையை எவ்வளவு சாய்க்க முடியும் என்று கவனித்தாள். தலையணைக்குப் பக்கத்தில், வலது கன்னம் படுகிற இடத்தில் வட்டமான ஒரு பெரிய பொத்தானைப் பொருத்தினாள்.

"ஒரு தட்டு தட்டினா பாட்டு ஓடும், நிக்கும். ரெண்டு தட்டுன்னா அடுத்த பாட்டு. அப்படியே அழுத்திப் பிடிச்சீங்கன்னா தங்கச்சி போன் அடிக்கும். சரியா அண்ணா?"

அண்ணன் கன்னத்தால் தட்டினார். கட்டிலின் கால்மாட்டில், பலகை போல நீண்ட ஸ்பீக்கரிலிருந்து வயலின் எழுந்தது. இன்னொரு தட்டு. நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி நிறுத்தினார். குழந்தை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதைப் போல. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது கொஞ்சம் கெட்டிக்கார மிஷின்," என்றாள் ஒயர் அக்கா. "ரூம்ல யார் எங்க இருக்காங்கன்னு பார்த்து, சத்தத்தை அவங்க பக்கமா திருப்பும். எத்தனை பேர்னு வாயால சொல்லும். யார் உள்ள வந்தாங்க, போனாங்கன்னு அண்ணா படுத்தபடியே தெரிஞ்சுக்கலாம்."

"நாற்காலி, பீரோவை எல்லாம் ஆள்னு நினைச்சுக்காதா?"

"நினைக்காது. மூச்சை வெச்சுத்தான் எண்ணும். மூச்சு விடறவங்க மட்டும்தான் கணக்கு."

சோதித்துப் பார்த்தார்கள். அறையில் மூன்று பேர். ஸ்பீக்கர் ஒரு முறை மெல்லச் சீட்டியடித்தது. பிறகு தெளிவான பெண் குரல்.

"அறையில் நால்வர்."

மூவரும் சிரித்தார்கள். இரும்பு பீரோவில் பட்டு எதிரொலிக்கிறது என்றாள் ஒயர் அக்கா. பீரோவைக் கூடத்துக்குத் தள்ளினார்கள். மறுபடி சீட்டி.

"அறையில் மூவர்."

அப்பாடா என்று அவளும் கிளம்பிப்போனாள்.

முதல் வாரம் அண்ணன் ஆளே மாறிப்போனார். இன்று என்னென்ன கேட்டேன் என்று ஒப்பிப்பார். தங்கைக்கு வயிறு குளிர்ந்தது.

இரண்டாவது வாரம் ஒரு நாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அந்தக் குரல் கேட்டது.

"அறையில் இருவர்."

உதவியாளர் அம்மா இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். அண்ணன் மட்டும்தான்.

"யாராவது வந்தாங்களா, அண்ணா?"

"இல்லையே."

பதில் சட்டென்று வந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒயர் அக்காவுக்கு போன் போட்டாள். திரைச்சீலையாக இருக்கும் என்றாள். தங்கை அதைக் கழற்றினாள். மின்விசிறியாக இருக்கும் என்றாள். அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள்.

"அறையில் இருவர்."

அன்று அண்ணனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தாள்.

"என்னமோ மறைக்கிற. சொல்லு."



"சொன்னா மிஷினைத் திருப்பிக் கொடுத்துடுவ."

"கொடுக்க மாட்டேன். சொல்லு."

"பாட்டு ஓடும்போது... திடீர்னு மங்கும். சத்தம் குறையறது இல்லை. எனக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஆள் வந்து மறைச்சா எப்படி இருக்கும், அப்படி. கண்ணை விரிச்சு விரிச்சுப் பார்க்கிறேன். ஒண்ணும் இல்லை."

"எத்தனை நேரம்?"

"நீ வாசல்ல செருப்பைக் கழட்டுற வரைக்கும்."



"இன்னொண்ணு," என்றார். "பாட்டை நிறுத்தினா மூச்சு கேக்குது. இத்தனை வருஷம் தண்ணியில எல்லார் மூச்சையும் கேட்டவன் நான். இப்படி ஒரு மூச்சைக் கேட்டதில்லை. உள்ள இழுக்குது, வாலு. இழுத்துக்கிட்டே இருக்குது. வெளிய விடவே இல்லை."

அவள் எழுந்தாள். அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக் கூடத்துக்குத் தள்ளி வந்தாள். அறை காலி. இருவரும் வெளியே காத்திருந்தார்கள்.

சீட்டி.

"அறையில் யாரும் இல்லை."

அண்ணன் பெருமூச்சு விட்டார். அவளுக்கும் உயிர் வந்தது. நாற்காலியை அறை வாசல் வரை உருட்டி, அங்கிருந்து உள்ளே மெல்லத் தள்ளிவிட்டாள். அவள் வெளியிலேயே நின்றாள். நாற்காலி மட்டும் உள்ளே போய் நின்றது.

"அறையில் இருவர்."

அது அறையில் இல்லை. அண்ணனோடு இருக்கிறது.

அவள் பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கக் குனிந்தாள்.

"வேண்டாம்!" அண்ணனின் குரல் கிறீச்சிட்டது. "அதை அணைச்சா இது போயிடுமா? இருக்குதா இல்லையான்னு தெரியாமப் போகும். அவ்வளவுதான்."

கை அப்படியே நின்றது. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மறுநாளே வேறு வீடு தேட ஆரம்பித்தாள். கடையில் லீவு கேட்டாள். அந்த வாரம் முடியட்டும் என்றார்கள். உதவியாளர் அம்மா திங்கள் முதல் நான்கு மணி வரை இருக்கச் சம்மதித்தார். நடுவில் இருந்தது வெள்ளி ஒரு நாள்தான்.

"ஒரு நாள்தானே," என்றார் அண்ணன். "ஏதாவதுன்னா அழுத்திப் பிடிக்கிறேன். நீ போ."

போனாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டி, காதுப் பக்கம் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அண்ணனின் பொத்தான்.

ஒரே ஒரு மணி. உடனே நின்றுவிட்டது.

கண்ணாடியைப் பெரியவர் மூக்கிலேயே விட்டுவிட்டு ஓடினாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டே ஓடினாள். பட்டப்பகல். தெருவில் ஒருவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

கதவைத் திறந்தாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் கால் வைத்தபோது அந்தக் குரல்.

"அறையில் ஒருவர்."

ஒருவர்!

போய்விட்டது. தொலைந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பொத்தானில் கன்னம் தெரியாமல் பட்டிருக்கும். சொம்பில் இருந்த தண்ணீரை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தாள்.

பிறகுதான் அறைக்குள் போனாள்.

"அறையில் இருவர்."

நான், அண்ணன். கணக்கு சரி.

"அண்ணா, பயமுறுத்திட்டியே..."



உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது. கன்னம் பொத்தானை விட்டு நழுவியிருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள்.

மூச்சு இல்லை.

அண்ணனுக்கு மூச்சு இல்லை.

அப்படியென்றால்... அந்த ஒருவர்?

குனிந்தாள். பாட்டு பளீரென்று அவள் முகத்தில் அடித்தது. ஸ்பீக்கர் சத்தத்தை அண்ணனின் காதுக்கு அனுப்பவில்லை. அவர் மார்புக்கு மேலே, வெறும் காற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மூச்சுக் கொடுக்க அவளுக்குக் கற்றுத்தந்தவரே அவர்தான். மூக்கைப் பிடித்தாள். வாயில் வாய் வைத்து ஊதினாள்.

மார்பு எழவில்லை.

மறுபடி ஊதினாள். பூட்டிய கதவில் ஊதுவதைப் போல இருந்தது.

பாட்டு முடிந்தது. அறை அமைதியானது.

காதுக்குப் பக்கத்தில்...

ஸ்ஸ்ஸ்ஸ்...

உள்ளே...

உள்ளே...

உள்ளே இழுத்துக்கொண்டே...

"இறங்கு!" என்று கத்தினாள். ஏன் அந்தச் சொல் வாயில் வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. "இறங்கு! அவரை விட்டு இறங்கு!"

கட்டில் முனகியது.

க்ரீச்...

மெத்தை ஒரு விரல் அளவு மேலே எழும்பியது.

ஊதினாள். மார்பு எழுந்தது. இன்னொரு முறை. அண்ணன் இருமினார். இழுத்து, இழுத்து, ஒரு மூச்சு.

சீட்டி.

"அறையில் மூவர்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வரும்வரை அண்ணனின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பிப் போகவே இல்லை. ஒயர் அக்கா ஆள் வைத்துச் சாமான்களை எடுத்து வந்தாள். இப்போது அண்ணனிடம் இருப்பது ஒரு சாதாரண ரேடியோ. அதற்கு எண்ணத் தெரியாது. ஆனால் கன்னத்தால் தட்டினால் பாடும். அவர் நன்றாகவே இருக்கிறார்.

இவ்வளவுதான் என்றால், ஏதோ மிஷின் கோளாறு, சளி அடைத்து மூச்சு நின்றது, பயத்தில் கண்டதும் தோன்றியது என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள்.

ஆனால் மருத்துவமனையில் மறுநாள் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அண்ணனும்தான்."

"அவரை யாராவது அடிக்கிறாங்களா? பயப்படாம சொல்லுங்க."

அவள் விழித்தாள். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"நேத்து மூச்சுக் கொடுத்தப்போ மார்பை அமுக்கினீங்களா?"

"இல்லை டாக்டர். வாயால ஊதினேன். அவ்வளவுதான்."

"விலா எலும்புல வரிசையா விரிசல் இருக்கு. இது நேத்து விழுந்தது. இது கொஞ்ச வாரம் பழசு. அடிச்சா இப்படி வராது, விழுந்தாலும் வராது. ரொம்பப் பெரிய எடை, மேலேர்ந்து மெதுவா இறங்கினாத்தான் இப்படி வரும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை..."

அவர் விரல் இன்னொரு கோட்டில் போய் நின்றது. அது கிட்டத்தட்ட ஒட்டியே போயிருந்தது.

"இதுக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கும்."

மிஷின் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனதுதான் இரண்டு மாதத்துக்கு முன்பு.

அன்றிலிருந்தே ஏதோ ஒன்று அவர் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து எழுந்திருக்கிறது. எலும்பு ஒவ்வொன்றாக விரிசல் விட்டிருக்கிறது. கழுத்துக்குக் கீழே உணர்வில்லாத அந்த மனிதருக்கு, ஒரு நாள்கூட வலிக்கவில்லை.